விட்டு விட்டு மிதி

மெர்கோங்கில் மேடு என்று சொல்வதற்கு ஓரிடமும் கிடையாது. மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தண்ணீர் அப்படியே நிற்கும். அங்கே எங்கள் வீட்டு வாசலில் பிக்கப்பை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, கியரிலும் போட்டுவிட்டு, பிறகு இறங்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையையும் செருகிவிட்டுத்தான் அண்ணி உள்ளே வருவார். உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் மறுபடி எழுந்து போய்க் கட்டை அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பார்.

"எங்கக்கா ஓடும் அது? கடலுக்கா?" என்பார் என் கணவர்.

"ஓடாதுன்னு தெரியும்டா. ஒரு தடவை பாத்துட்டு வந்துர்றேன்."

அண்ணி, என் கணவரின் ஒரே அக்கா. புக்கிட் செலம்பாவில் வீடு. விசேஷ வீடுகளுக்குக் கெமா கட்டுவது தொழில். பந்தல் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் தென்னங்கீற்றைத்தான் நினைப்பார்கள். இரும்புக் குழாய் நட்டுத் தார்ப்பாய் கட்டுவதற்குக் கெமா என்றுதான் பெயர். குழாய்கள், தார்ப்பாய், அடுக்கடுக்காக பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுயர மின்விசிறிகள் எல்லாம் அந்தப் பழைய வெள்ளை பிக்கப்பில் ஏறும். கட்டுவதற்குக் கூலி ஆட்கள் வருவார்கள். ஓட்டுவது மட்டும் அண்ணிதான். அவர் கணவருக்குக் கூலிம் பக்கத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மோட்டார் சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனிதர்.

இப்போது அண்ணி ஜொகூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பிக்கப்பும் கைமாறிவிட்டது. ஆனாலும் நான் கதவைப் பூட்டிவிட்டு இரண்டாம் முறை இழுத்துப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

பயம்தான் அண்ணி. எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. கோழை என்று அர்த்தமில்லை. பாம்பைக் கண்டால் மண்வெட்டியோடு முதலில் போகிறவர் அவர்தான். கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிற எதற்கும் அவர் பயப்பட்டு நான் பார்த்ததில்லை. இன்னும் நடக்காத ஒன்றுக்குத்தான் பயப்படுவார். எரிவாயுத் தோம்பு மூடியிருக்கிறதா, கோழிக்கறி வெந்திருக்கிறதா, பிள்ளை ஏறிய பஸ் போய்ச் சேர்ந்ததா. எங்கள் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது ஒரு நாள் காதைச் சாய்த்துக் கேட்டார். "ஒரு சத்தம் வருதே, உனக்குக் கேக்கல? இதப் போடாதம்மா. தீப்பிடிச்சுக்கும்" என்றார். அந்த இயந்திரம் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒருமுறை பினாங்கில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். எல்லாரும் அண்ணி வீட்டில் கூடி, பிக்கப்பிலும் காரிலுமாகப் புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் ஏறி நல்ல தூரம் வந்த பிறகு அண்ணியிடமிருந்து போன். இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று ஞாபகமில்லையாம், திரும்பப் போகிறாராம். பரிசுத் தட்டுகளெல்லாம் பிக்கப்பில் இருந்ததால் நாங்களும் திரும்ப வேண்டியதாயிற்று. வீட்டைத் திறந்து பார்த்தால், இஸ்திரிப் பெட்டி வயர் சுற்றி அலமாரிக்குள் சமர்த்தாக இருக்கிறது. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தியே நடந்துகொண்டிருந்தது.

"உனக்குப் பைத்தியம்தான்க்கா. கில்லா! நேரா தஞ்சோங் ரம்புத்தான் போய்ப் படுத்துக்க" என்று வாசலில் வைத்தே கத்தினார் என் கணவர். அந்த ஊரில்தான் மனநல மருத்துவமனை இருக்கிறது.

அண்ணி முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் அண்ணன் சிரித்தார், நான் சிரித்தேன். கடைசியில் அண்ணியே புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அலமாரிக்குள்ள இருக்குடா அது! நான் என்னத்தச் செய்ய?" என்றார். அன்று பந்தியில் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தார். எங்கள் குடும்பத்தில் இது வழக்கமாகவே இருந்தது. அவர் பயப்படுவார், தம்பி திட்டுவார், எல்லாரும் சிரிப்போம். அதோடு அந்தப் பயம் கலைந்துவிடும். அடுத்தது வரும்.

பிரேக் மாற்றும் வேலையை அவர் தன் கையிலேயே எடுத்துக்கொண்டதற்கும் ஒரு காரணம் இருந்தது. எந்த ஊர் என்று வேண்டாம், ஒரு பட்டறையில் முன்சக்கரங்களுக்குப் புதுப் பிரேக் பேட் போட்டு வாங்கி வந்தார். எஸ்டேட் ரோட்டில் வரும்போது வலது சக்கரத்தில் "டக், டக்" என்று கேட்டதாம். கூட வந்த ஆட்களுக்குக் கேட்கவில்லை. அண்ணி ஓரங்கட்டி, சக்கரத்தின் இடுக்கில் குனிந்து கைவிட்டுப் பார்த்தார். பேட்டைப் பிடித்திருக்கும் இரும்பின் போல்ட் விரலாலேயே திரும்பியது. முடுக்கவே மறந்திருக்கிறார்கள். திருப்பிக் கொண்டுபோனபோது பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே முடுக்கிக் கொடுத்திருக்கிறார். "அவன் சிரிச்சான்மா" என்று அண்ணி என்னிடம் சொன்னார். அந்தச் சிரிப்பு மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு போனில் ஒரு மலாய்க்காரப் பையன் போடும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டார். இரண்டு தடவை தானே மாற்றியும்விட்டார். நான் கூட இருந்தது மூன்றாம் தடவை.

படாங் மேஹாவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் கெமா கட்ட வேண்டும். வழியெல்லாம் எண்ணெய்ப்பனைத் தோட்டம், ஏற்றமும் இறக்கமுமான செம்மண் ரோடு. பின்னால் இரும்புக் குழாய்களை வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் அண்ணி இறங்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது கிறீச்சிடத் தொடங்கி ஒரு வாரம் ஆகிவிட்டது என்று மாற்ற உட்கார்ந்தார். ஆள் குறைவாக இருந்ததால் ஏற்றிக் கொடுக்க என் கணவரும் வந்திருந்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

அண்ணி வீட்டு முற்றம் சரிவு. மேலே வீடு, கீழே சின்ன ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய குடை விரித்து, மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்கார அம்மாள் ஒருவர் பீசாங் கோரேங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, பொரித்து விற்பார். சாயங்காலமானால் திடலில் பந்தாடிவிட்டு வரும் பிள்ளைகள் வாணலியைச் சுற்றி ஈ மாதிரி மொய்க்கும். அவசரமென்றால் உடனே கிளம்ப வேண்டும் என்று பிக்கப்பின் மூக்கை எப்போதும் ரோட்டைப் பார்த்தே நிறுத்துவது அண்ணியின் வழக்கம். அன்றும் அப்படித்தான் நின்றது.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கம் ஜாக் வைத்துத் தூக்கி, அதன் கீழே முட்டுக்கு இரும்புத் தாங்கியும் வைத்தார். சக்கரத்தைக் கழற்றியதும் அதையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டார். "எதுக்கு அண்ணி?" என்றேன். "எல்லாம் விழுந்தாலும் இது தாங்கும்" என்றார். நான் போனைப் பிடித்துக்கொண்டு வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். போல்ட்டைக் கழற்றிப் பிடி இரும்பை மேலே தூக்கிக் கம்பியால் கட்டினார். பழைய பேட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மெல்லிய பிஸ்கோத்தின் தடிப்புக்குத் தேய்ந்திருந்தது.

"பாத்தியா? இதுலதான் இவ்வளவு நாள் எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போனேன்" என்றவரின் முகம் கறுத்துப்போயிற்று.

புதுப் பேட் தடிப்பாக இருக்கும். அது உட்கார வேண்டுமென்றால், பேட்டை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னால் தள்ள வேண்டும். அண்ணி ஒரு கிளாம்பை வைத்து மெல்ல மெல்லத் திருகித் தள்ளினார். அதற்குள் நாலு தடவை எழுந்து, முன்மூடியைத் திறந்து, பிரேக் எண்ணெய் வழிகிறதா என்று பார்த்தார். அப்புறம் எனக்கு விளக்கினார்.

"இப்ப பிஸ்டன் உள்ள போயிருச்சா? இனி பெடல மிதிச்சா ஒண்ணுமே இருக்காது. காத்துல மிதிக்கிற மாதிரி கீழ போயிரும். விட்டு விட்டு நாலஞ்சு தடவை மிதிச்சாதான் அது வெளிய வந்து பேட்ல ஒட்டும். அதுக்கு முன்னால வண்டிய அசைக்கவே கூடாது. அசைச்சா முடிஞ்சது."

இரண்டு பக்கமும் முடிந்தது. சக்கரங்களை மாட்டி, ஜாக்கை இறக்கி, நட்டுகளை முடுக்கினார். பெடலை மிதிக்க ஏறப் போகும்போது உள்ளே அவருடைய போன் அடித்தது. நிச்சயதார்த்த வீட்டுக்காரர்கள்.

"யாரும் வண்டியத் தொடாதீங்க. இன்னும் பெடல மிதிக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் கிரீஸ் கையைக் கழுவ வீட்டின் பக்கவாட்டில் இருந்த குழாய்க்குப் போனேன்.

அண்ணி சொன்னது என் கணவரின் காதில் விழுந்தது. அவரே பிறகு சொன்னார். ஆனால் காலையிலிருந்து தொடாதே, நில்லாதே, தள்ளிப் போ, தலையைக் குனி என்று அண்ணி சொன்ன எத்தனையோ பேச்சில் இதுவும் ஒன்றாகத்தான் விழுந்திருக்கிறது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. குழாய்கள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் ஏற்றிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். சாவி வண்டியிலேயே இருந்தது. கட்டைகளைக் காலால் தள்ளிவிட்டு ஏறி, எஞ்சினைக் கிளப்பி, கை பிரேக்கை விட்டார்.

எஞ்சின் சத்தம் கேட்டு நான் ஈரக் கையோடு ஓடி வந்தபோது பிக்கப் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் அவர் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பெடலை ஒரேயடியாக மிதித்துக்கொண்டு அப்படியே உறைந்துபோயிருந்தார். எதிரே வாணலி, அதைச் சுற்றிப் பிள்ளைகள்.

"தம்பி. கால எடு."

அண்ணி வாசலில் நின்றார். காதில் இன்னும் போன் இருந்தது. கத்தவில்லை, அலறவில்லை. சோறு போடட்டுமா என்று கேட்கிற குரல். ஆனால் முற்றம் முழுக்கக் கேட்டது.

"கால எடுத்துட்டு மிதி. விடு. மிதி. விட்டு விட்டு மிதி. ஆங், விடு. மிதி."

அவர் சொல்லச் சொல்ல என் கணவரின் தோள் ஏறி ஏறி இறங்கியது. பிக்கப் முற்றத்தைத் தாண்டி ரோட்டில் இறங்கியது. மக்சிக் கையில் அகப்பட்ட பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் பாய்ந்தார். வண்டி முட்டியதில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி சரிந்து, மாவுச் சட்டி கவிழ்ந்து ரோட்டில் வழிந்தது. குடைக்கம்பின் மேல் மூக்கை வைத்த மாதிரி பிக்கப் நின்றது. வாணலியில் எண்ணெய் மட்டும் ஒருமுறை தளும்பி அடங்கியது.

"யா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு மக்சிக் முதலில் அடுப்பை அணைத்தார். பிறகு பிள்ளைகளின் கை கால்களைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

அண்ணி இறங்கிப் போய், "ஹேண்ட் பிரேக்கப் போடு. எஞ்சின அணை. எறங்கு" என்றார். தம்பியை இறக்கிவிட்டுத் தான் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ கெட்டியாகியிருக்கும். அவர் நிறுத்தவில்லை. இறங்கி வந்ததும் மக்சிக்கின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். மாவைக் கழுவிவிட்டார். என் கணவருக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். அவர் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அக்கா திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

"நான் சாவிய எடுத்துட்டுப் போயிருக்கணும்" என்றார் அண்ணி. அவ்வளவுதான் சொன்னார். பிறகு வீட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

மறுநாள் வேறு ஒருவருடைய லோரியில் கெமா போயிற்று. அன்றிலிருந்து பிக்கப் சாவி ஒரு கறுப்புக் கயிற்றில் அண்ணியின் கழுத்தில் தொங்கத் தொடங்கியது. குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று அண்ணன் சொன்னார்.

நடந்தது சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் பரவியது. இதற்குப் பிறகாவது அண்ணி நிம்மதியாக இருப்பார், அவர் சொன்னது சரி என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டதே என்று நான் நினைத்தேன். நடந்தது வேறு. யாரும் அவரைக் கேலி செய்வதில்லை. மாறாகக் கேட்க ஆரம்பித்தார்கள். "அக்கா, பினாங்குக்குப் போறோம், போலாமா?" "சித்தி, வண்டியில ஒரு சத்தம் வருது, போன எஞ்சின் பக்கத்துல வைக்கிறேன், கேட்டுச் சொல்றீங்களா?" பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையின் மூச்சுச் சத்தத்தைக் கேட்கச் சொல்லிக் கொண்டுவந்தாள். எல்லாவற்றிலும் அண்ணிக்கு ஏதோ ஒன்று கேட்டது. முன்பெல்லாம் கேட்டால் நாங்கள் சிரிப்போம். இப்போது எல்லாரும் முகம் வெளுத்து, தலையாட்டிவிட்டு, பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள்.

என் கணவரோ அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை. போன் வந்தால் என்னிடம் நீட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மோட்டார் சைக்கிளிலேயே எங்கள் வீட்டுக்கு வந்தார். அவ்வளவு தூரம் அப்படி வருகிறவர் இல்லை. தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"முன்னாடியெல்லாம் அவ ஏதாவது சொல்வாம்மா. நாம சிரிப்போம். அவளும் சிரிப்பா, அப்புறம் தூங்கிடுவா. இப்ப யாரும் சிரிக்கிறதில்ல. அவளும் தூங்குறதில்ல." பிறகு என் கணவரைப் பார்த்தார். "நீ வந்து ஒரு வார்த்தை திட்டிட்டுப் போயேன், மச்சான்."

"நான் என்னத்தத் திட்டுறது மாமா? ஒண்ணும் ஆகாதுன்னு இனி எந்த வாயால சொல்வேன்?" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு எழுந்து குசினிக்குள் போய்விட்டார். தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது.

ஆனாலும் அடுத்த வாரமே அக்கா வீட்டுக்குப் புறப்பட்டார். படாங் மேஹாவில் அன்று நிச்சயதார்த்தம் நடந்த அதே குடும்பத்தில் கல்யாணம். அண்ணிதான் கெமா கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். அண்ணி மெலிந்திருந்தார். கண்ணைச் சுற்றி மை பூசியது போலக் கறுப்பு. குழாய்களை ஏற்றி முடித்ததும் என் கணவர் கையை நீட்டினார்.

"சாவியக் குடுக்கா. நான் ஓட்டுறேன்."

அண்ணி அவரையே பார்த்தார். கயிற்றைத் தலைவழியாகக் கழற்றும்போது முடியில் சிக்கியது; நான்தான் எடுத்துவிட்டேன்.

என் கணவர் ஏறி, பெடலை மிதித்துப் பார்த்தார். இறங்கிச் சக்கரங்களைச் சுற்றி வந்தார். மறுபடி மிதித்துப் பார்த்தார். அண்ணி முன்னால் உட்கார, நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். எஸ்டேட் ரோட்டில் திரும்பி முதல் இறக்கம் தொடங்கியதும் அண்ணி கதவின் மேல்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒரு சத்தம் கேக்குது."

அவர் ஓரங்கட்டினார். இறங்கி, குனிந்து, நான்கு சக்கரத்தையும் பார்த்தார். கட்டிய கயிறுகளை இழுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. புறப்பட்டோம். ஏற்றம் ஏறி மறுபடி இறக்கம்.

"இப்பவும் கேக்குதுடா. டிங்கு டிங்குன்னு. இரும்பு மாதிரி."

எனக்கும் கேட்டது. இறக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பாலம். அதற்கு முன்னால் வளைவு. என் கணவரின் கழுத்து வேர்த்து வழிந்தது. மறுபடி நிறுத்தினார், இறங்கினார், வண்டிக்கு அடியில் செம்மண்ணில் படுத்தே பார்த்தார். சட்டையெல்லாம் மண்ணாக ஏறி உட்கார்ந்தார். வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு காதைச் சாய்த்துக் கேட்டார். கண்ணாடியைப் பார்த்தார், பின்னால் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார். மேல்பிடியைப் பிடித்திருந்த கையை.

"அக்கா."

"என்னடா?"

"அது ஒன் வளையல்க்கா!"

கையை மேலே தூக்கியிருந்ததால் வளையல்கள் கதவுக் கம்பியில் இடித்துக்கொண்டிருந்தன. அண்ணி கையைப் பார்த்தார். மெதுவாக ஆட்டிப் பார்த்தார். டிங்கு.

"லூசாக்கா நீ? ஏன் உசிர எடுக்குற? ரெண்டு தடவை எறங்கி மண்ணுல பொரண்டேனே, வளையலுக்காகவா? ஒன் கைய ஒரு தடவை பாக்க மாட்டியா, லா!" என்று அவர் கத்தினார். கத்தக் கத்த அவர் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினார்.

அண்ணி தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் முன்னால் எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு பாலம் தாண்டியும் நிற்கவில்லை. "எனக்கு இரும்பு மாதிரியேதான்டா கேட்டுச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "பேசாத. வாய மூடிக்கிட்டு வா" என்று தம்பி திட்டிக்கொண்டே ஓட்டினார்.

அதற்கப்புறம் இன்னும் இரண்டு இறக்கம் இருந்தது. பின்னால் குழாய்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வந்தன. அண்ணிக்கு அது கேட்கவில்லை. அண்ணியின் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கை மடியில் கிடந்தது.

என் கணவர் வேகத்தைக் குறைத்து, குழிகளில் சக்கரம் விழாமல் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார். கல்யாண வீட்டு வாசலில் ஆட்கள் கையைக் காட்டி வரவேற்றபோது, அவர் எஞ்சினை அணைக்காமல், உதட்டில் விரலை வைத்து அவர்களை அங்கேயே நிற்கச் சொன்னார்.